கத்தாத கப்ரி

மலட்டு மாடாம்! சேஜலுக்கு வந்த கோபத்தில், பாதி தின்ற கம்பு ரொட்டியான ரோட்லாவைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

“கப்ரியை இன்னிக்கே விக்கப் போறீங்களாப்பா?”

“பின்னே? கன்னு போட்டு ரெண்டு வருஷமாச்சு. பருவத்துக்கு வந்தா மாடு கத்தணும். இது வாயே திறக்கல. மத்தியானம் வியாபாரி வரான்,” என்றார் அப்பா கேம்ஜிபாய்.

“கத்தலேன்னா மலடா? யாராவது கிட்டப் போய்ப் பாத்தீங்களா? இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை, வாலுக்கு அடியில கண்ணாடி மாதிரி வழவழன்னு ஒழுகுது. மூணு தடவை பாத்து, கதவுல கரிக்கோடு போட்டிருக்கேன். இன்னிக்குக் காலையிலயும் ஒழுகுச்சு!”

“வந்துட்டா பெரிய டாக்டரம்மா! அஞ்சாங்கிளாஸ் படிக்கிறவ எனக்கு மாடு பத்திச் சொல்றா.”

சேஜல் ஒரே ஓட்டமாகப் பால் சங்கத்துக்கு ஓடினாள். அன்று அங்கே மாட்டு டாக்டர் இலாபென் வரும் நாள்.

“டாக்டர்பென், எங்க மாட்டு மேல அநியாயமாப் பழி போடறாங்க! வந்து பாருங்க!”

இலாபென் வந்தபோது வியாபாரியின் வண்டி வாசலில் நின்றது. கப்ரியின் கயிறு அவன் கையில் இருந்தது. சேஜல் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

டாக்டர் தோள்வரை உறை மாட்டி, மாட்டின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“கேம்ஜிபாய், சினைப்பை அருமையா இருக்கு. முட்டை இருக்கிற கொப்புளம் திராட்சை அளவுக்குப் பழுத்து நிக்குது. சில மாட்டுக்கு ஹார்மோன் கொஞ்சம் கம்மியாச் சுரக்கும். பருவம் வந்தாலும் கத்தாது. இன்னிக்கே சினை ஊசி போட்டுடலாம்.”

“இது எனக்கு எப்படித் தெரியும்?” அப்பா தலையைச் சொறிந்தார்.

“பாத்தாத் தெரியும்!” என்றாள் சேஜல்.

வண்டி காலியாகத் திரும்பியது.

மூன்று மாதம் கழித்து இலாபென் மறுபடி கையை விட்டுப் பார்த்தார். “சந்தேகமே இல்ல, சினைதான்!”

அப்பா சிரித்தபடி வெல்லக்கட்டியோடு வந்தார். சேஜல் வழிமறித்தாள்.

“முதல்ல மன்னிப்புக் கேளுங்க.”

“மாட்டுக்கிட்டயா?”

“மலடுன்னு சொன்னது மாட்டைத்தானே?”

அப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கப்ரியின் காதருகே குனிந்தார். “தப்புதான் தாயே.”

கப்ரி அவர் கையிலிருந்த வெல்லத்தை நக்கித் தின்றது.

“அவ மன்னிச்சிட்டா,” என்றாள் சேஜல். “நான் இன்னும் இல்ல.”