ஸ்ரீவராகத்தில் ஒழிந்த வீடு

மீன மாதம். மூன்று மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் ஸ்ரீவராகத்து வீட்டின் நடு அறையில் தரை நனைந்து கிடந்தது. நயினார் பிள்ளை அண்ணாந்து பார்த்தார்; ஓடுகள் எல்லாம் புதுசு. தோளில் கிடந்த துண்டை எடுத்து, முட்டி போட்டு, தானே துடைத்தார். முற்றத்தில் துண்டைப் பிழிந்தபோது பழைய பாசியின் வாடையும், பல நாள் காய்ச்சலில் கிடந்தவர் படுக்கையின் புளித்த வாடையும் சேர்ந்து எழுந்து அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டன.

இரண்டு மணிக்கு வீட்டை வாங்க வேலப்பன் வருவான். துபாய்ப் பணம். இன்று விலை படியாவிட்டால், இந்த வீட்டை வாங்க ஈடு வைத்த சாலைத் தெரு வீடு, பிள்ளை குடும்பத்தோடு குடியிருக்கும் வீடு, மாதக் கடைசியில் போய்விடும்.

வாங்கும்போது கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார். வாடகைக்கு ஆள் இருந்தால் விலை பன்னிரண்டாயிரம். ஒழிந்துவிட்டால் அதே வீடு நாற்பதாயிரம். உள்ளே இருந்தது கோமதியம்மாள், ஒற்றை விதவை, இருபது வருஷக் குடி. சட்டம் அவள் பக்கம். கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கும். ஆனால் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த வேறு வழி ஒன்று உண்டு. ரிப்பேர் என்று சொல்லி ஓடுகளைப் பிரித்துவிடுவது.

"எடவப்பாதி மழை வருது மொதலாளி. இப்போ எறக்கினா மூட நேரம் கிட்டாது," என்றான் கொத்தன் தாசையன்.

"மூட யாரு சொன்னா?"

பதினோரு நாள் அவள் மழைக்குள்ளேயே குடியிருந்தாள். "ஓடு போட்டுத் தாருங்க அண்ணாச்சி. நான் எங்க போவேன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். பன்னிரண்டாம் நாள் அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. சேதி வந்த ராத்திரி பிள்ளை நன்றாகத் தூங்கினார். அதை நினைத்தால் இப்போது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வேலப்பன் வந்ததும் கூரையைப் பார்க்க வேண்டும் என்றான். ஓட்டுக்கூரையைச் சோதிக்க எளிய வழி, நல்ல வெயிலில் அறையை இருட்டாக்கி மேலே பார்ப்பதுதான். வெளிச்சப் பொட்டு தெரியும் இடத்தில் ஒழுகும். பிள்ளை ஜன்னல்களை அடைத்தார். வளைந்து இடுக்கு விட்டிருந்த பழைய கதவைச் சாவி போட்டு இறுகப் பூட்டினார்.

கும்மிருட்டு. எங்கும் ஒரு பொட்டு இல்லை.

"கொள்ளாம், நல்ல கூரை," என்றான் வேலப்பன், வலப்பக்கத்திலிருந்து. "ஆள் ஆரும் இல்லல்லோ?"

"பூரா ஒழிஞ்சாச்சு."

பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.

இடப்பக்கம் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. முதலில் விட்டுவிட்டு. பிறகு விடாமல்.

"அண்ணாச்சிக்குக் குளிருதா?"

குளிரவில்லை என்று சொன்னால், பின்னே யார் என்று கதவைத் திறக்கச் சொல்வான். பார்த்துவிடுவான். வீடு போயிற்று.

"ஆமா," என்றார் பிள்ளை. "லேசாக் காய்ச்சல்."

"சரி, என் கைய விடுங்க. என்ன ஒரு தணுப்பு."

பிள்ளையின் ஒரு கையில் சாவி. மறு கை சுவரில்.

"தெரியாமப் பிடிச்சுட்டேன்," என்றார்.

"போதும் அண்ணாச்சி, பாத்தாச்சு. சாவி தாங்க, நான் தொறக்கேன்."

இருட்டில் நீட்டினார். விரல்கள் வாங்கிக்கொண்டன. நனைந்து, ஊறி, தோல் சுருங்கிய விரல்கள். மெதுவாக.

"சாவி தாங்க அண்ணாச்சி," என்றான் வேலப்பன் மறுபடியும். கதவுப் பக்கமிருந்து.

பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஈரச் சேலை தரையில் இழுபட்டது. அருகில் வந்தது. காலடியில் உட்கார்ந்தது. நனைந்த தலை ஒன்று அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டது. அந்தப் பற்களின் நடுக்கம் அவர் எலும்புக்குள் ஏறியது.