தோட்டத்தில் ஒரு வாடிக்கையாளர்

அம்மா அட்டைப்பெட்டியை மேசைமேல் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து விழுந்தவற்றைப் பார்த்ததும் பொத்தான் நாற்காலிமேல் ஏறிக்கொண்டான். காய்ந்துபோன ஆக்டோபஸ்களைப் போல இருந்தன. நடுவில் சின்னதாக ஒரு குடுமி, அதைச் சுற்றித் தொங்கும் பழுப்புக் கால்கள்.

"கடிக்குமா?" என்று கேட்டான்.

"நாமதான் இதைக் கடிக்கப் போறோம்," என்றாள் அம்மா. "ஆனா இப்ப இல்ல."

பொத்தான் என் தம்பி. என்னை ஊசி என்பார்கள். அப்பா தையல்காரர் என்பதால் எங்களுக்கு இப்படிப் பெயர்கள் வாய்த்தன. அம்மா பேருந்து ஓட்டினாள். விடுமுறை நாள் வந்தால் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் எதையாவது நட்டுக்கொண்டிருப்பாள். அந்த வருடம் அவளுக்கு அஸ்பாரகஸ்மேல் ஆசை வந்தது. பென்சில் போல நிமிர்ந்து நிற்கும் பச்சைத் தண்டு அது. பெரிய கடைகளில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக விற்பார்கள். அப்பா அதன் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் முட்டைக்கோஸை எடுத்துக்கொள்வார்.

பெட்டியில் வந்தவை அஸ்பாரகஸ் வேர்கள்தான். அவற்றுக்காக நீளமாக ஒரு பள்ளம் தோண்டினோம். அதன் நடுவே மண்ணைக் கூட்டி ஒரு மேடு செய்தோம். குடுமி மேட்டின்மேல் உட்கார, கால்கள் இரண்டு பக்கமும் தொங்க, குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுவதுபோல ஒவ்வொரு வேரையும் அம்மா உட்காரவைத்தாள். மேலே கொஞ்சமாக மண் தூவினாள். பள்ளத்தை ஒரேயடியாக மூடவில்லை. முளை உயர உயரத்தான் மண்ணும் உயர வேண்டுமாம். அவசரப்பட்டு மூடினால் அதற்கு மூச்சுத் திணறும் என்றாள்.

முதலில் வந்த முளைகள் தீக்குச்சி அளவுகூட இல்லை. பொத்தான் ஒன்றைக் கிள்ளப் போனான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வருஷமும் வெட்டக் கூடாது, அடுத்த வருஷமும் கூடாது. அதுக்கப்புறம் இருபது வருஷம் வந்துட்டே இருக்கும்."

பொத்தான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அப்போது தனக்கு மீசை இருக்குமே என்று கவலைப்பட்டான்.

வெட்டாமல் விட்ட தண்டுகள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்தன. பிறகு ஒவ்வொன்றும் நூறு நூறு கிளையாகப் பிரிந்து, தலைமுடியைவிட மெல்லிய இலைகளாக விரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டத்தில் பச்சைப் புகை நிற்பதுபோல இருக்கும். காலையில் ஒவ்வொரு நுனியிலும் ஒரு பனித்துளி. வேலைக்குக் கிளம்பிய அம்மா தொப்பியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்பாள். இலைகள் வெயிலைப் பிடித்துச் சமைத்துக் கீழே வேருக்கு அனுப்புகின்றன, வேர் அதைச் சேர்த்துவைத்து அடுத்த வருடத்துத் தண்டை இப்போதே தயாரிக்கிறது என்றாள். நான் மண்ணையே உற்றுப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில் மெதுவாகத்தான் நடப்பேன்.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கியபோது அம்மா மருத்துவமனையில் இருந்தாள். குளிர்காலம் வருமுன் இறந்துபோனாள்.

அதன்பிறகு அப்பா பின்கதவைத் திறக்கவில்லை. காலையில் தையல் இயந்திரத்தின்முன் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கமாட்டார். வந்தவர்களுக்கு அளவெடுப்பார், தைப்பார், கொடுப்பார். சாப்பாட்டு மேசையில் இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். ஊருக்கெல்லாம் சட்டையை அளவாகப் பிடித்துத் தைத்தவரின் சொந்தச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

எங்களைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. குரல் பெரிது, மனசும் பெரிது. விதவிதமாகச் சமைத்தாள், திட்டினாள், கெஞ்சினாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், சாப்பிடத்தான் இல்லை. ஒருநாள் அத்தை பாத்திரம் கழுவும்போது தண்ணீரைச் சத்தமாகத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவதைப் பார்த்தேன்.

குளிர் விட்டது. அம்மா செய்திருக்க வேண்டிய வேலை என்று நானும் பொத்தானும் காய்ந்த இலைத் தண்டுகளை வெட்டி அப்புறப்படுத்தினோம். தரை மொட்டையாகக் கிடந்தது. சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் துணி காயப்போடப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

மண் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஊதா நிறத்தில் ஒரு மூக்கு. பக்கத்தில் இன்னொன்று, என் கட்டைவிரல் அளவு ஒரு மண்கட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால் ஒன்று ஏற்கெனவே சாண் உயரத்துக்கு நிமிர்ந்திருந்தது. குளிர்காலம் முழுவதும், நாங்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத நேரத்தில், இவை இங்கே இருட்டில் தயாராகிக்கொண்டே இருந்திருக்கின்றன. பொத்தானைக் கூப்பிட்டேன். அவன் வந்து குந்தி உட்கார்ந்தான். வாயைத் திறந்தவன் மூடவேயில்லை.

எங்கள் பின்னால் அத்தை வந்து பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. நேரே சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தாள். வெண்ணெயில் வதக்கித் தருகிறேன், உங்கம்மா நட்டது என்று சொன்னால் உங்கப்பா கட்டாயம் சாப்பிடுவார் என்றாள்.

நான் குறுக்கே போய் நின்றேன். "இந்த வருஷம் வெட்டக் கூடாது அத்தை. அம்மா சொல்லியிருக்கா."

"உங்கப்பா சாப்பிடணும்னு உனக்கு ஆசை இல்லையா கண்ணு?"

அத்தை கேட்டது நியாயம். அம்மா சொன்னதும் நியாயம். இந்த வருடமே வெட்டிவிட்டால் வேர் இளைத்துப்போகும். அம்மா நட்டதில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஆனால் அப்பாவும் இளைத்துக்கொண்டுதானே இருக்கிறார்.

சாயங்காலம் வரை பொறுக்கும்படி அத்தையிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "சாயங்காலம்தான். அதுக்கு மேல இல்ல."

அப்பாவைத் தோட்டத்துக்கு வா என்று கூப்பிட்டால் வரமாட்டார். பலமுறை கூப்பிட்டிருக்கிறோம். ஆனால் அப்பாவிடம் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகள், நடக்க முடியாதவர்கள் என்று யாராவது கடைக்கு வர முடியாமல் இருந்தால், எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு அளவு நாடாவோடு அவர்கள் வீட்டுக்கே போவார். அதற்கு ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.

நான் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா, ஒருத்தருக்கு அளவெடுக்கணும். அவரால நடந்து வர முடியாது."

அப்பா மிதிப்பதை நிறுத்தி, அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "எங்க இருக்கார்?"

"பின்னாடி."

பின்கதவு வரை வந்தார். அங்கே கால் நின்றுவிட்டது. பொத்தான் நாடாவின் நுனியைப் பிடித்து நடந்தான். அப்பா அதன் பின்னாலேயே இறங்கி வந்தார்.

தண்டுகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் என்னவோ அசைந்தது. வாடிக்கையாளர் இவர்தான் என்று உயரமான தண்டைக் காட்டினேன். அப்பா முழங்காலிட்டு, நாடாவை மண்ணில் ஊன்றி அளவெடுத்தார். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, காதில் செருகியிருந்த பென்சிலால் தண்டின் உயரத்துக்குக் கோடு போட்டார். உள்ளே போய்விட்டார். இயந்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

அன்று வெயில் நன்றாக அடித்தது. மதியத்துக்கு மேல் இயந்திரச் சத்தம் நின்றது. பின்கதவு தானாகத் திறந்ததுபோல் இருந்தது. அப்பா தனியாக வந்தார், குச்சியின் முன் குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

தண்டு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே நின்றது.

அப்பா நாடாவால் அளந்தார். மறுபடி அளந்தார். அப்பாவின் அளவு தவறியதாக யாரும் சொன்னதில்லை.

"காலையில எடுத்த அளவு," என்றார் மெதுவாக. "சாயங்காலத்துக்கே சட்டை பத்தாது போலிருக்கே."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நானும் பொத்தானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். வெயில் சாயச் சாய, தண்டின் செதில்கள் பச்சையும் ஊதாவுமாக மின்னின. எத்தனை நாள் கண்ணைப் பெரிதாக விழித்துப் பார்த்தாலும் அது வளரும் கணத்தை மட்டும் பிடிக்க முடியாது என்று தோன்றியது. ஆனால் எங்கள் கண்ணெதிரேதான் வளர்ந்துகொண்டிருந்தது.

அத்தை கத்தியோடு வந்தாள். அப்பா உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றாள். கத்தி எதற்கு என்று அப்பா கேட்டார். அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் வேரைப் பற்றி, இலையின் சமையலைப் பற்றி, அம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது. விடாமல் சொல்லி முடித்தேன்.

"வேண்டாம்க்கா," என்றார் அப்பா. "இதுவே இப்பதான் சாப்பிட்டு உடம்பு தேறுது. விட்டுடு. வேற என்ன இருக்கு?"

அத்தைக்கு அந்தக் கேள்வி புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் ஓடினாள். உருளைக்கிழங்கும் ரொட்டியும் முட்டையுமாகத் தட்டுகள் தோட்டத்துக்கே வந்தன. அப்பா எழுந்து உள்ளே வரமாட்டேன் என்றதால் எல்லோரும் மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"இப்ப வளருதா?" என்று பொத்தான் கேட்டான்.

நாங்கள் நால்வரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

"வளருது," என்றார் அப்பா. தண்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, காலியான தட்டை அத்தையிடம் நீட்டினார்.