இன்றைக்கு இடைஞ்சல் இல்லை!

"ஆ...ஆ...ஆ...!"

நூல் கோடவுனுக்குள்ளிருந்து வந்த அலறல், செல்லூரின் அந்தத் துண்டு நெசவுக் கம்பெனியை உலுக்கியது. தறிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அதனால்தான் அது காதில் விழுந்தது!

பெருக்க வந்த முருகம்மாள் வாசலில் மயங்கிக் கிடந்தாள்.

உள்ளே, நூல் மூட்டைகளின் மேல்...

முகமது யாசீன்!

கழுத்தில் கத்தரிக்கோல், பிடிவரை இறங்கியிருந்தது. வெள்ளை நூலெல்லாம் சிவப்பு.

சாயம் போடாமலே!

கம்ப்யூட்டர் அறையில் இன்ஸ்பெக்டர் அன்னக்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே ஆஷிகா. கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர் எழுதியவன் யாசீன். அதைச் சோதித்துத் தப்புக் கண்டுபிடிப்பது ஆஷிகாவின் வேலை.

"கத்தரிக்கோல் யாரோடது?"

"எ... என்னோடதுதான் மேடம். மேசையில கிடக்கும். யார் வேணாலும் எடுக்கலாம்."

"நேத்து சாயங்காலம் யாசீனோட சண்டையாமே?"

"சாஃப்ட்வேர்ல தப்பு இருக்குன்னேன், இல்லைன்னாரு. தினம் நடக்கறதுதான்!"

"தெருவுக்கே கேக்குற மாதிரியா?"

"இங்க எல்லாருமே கத்தித்தான் மேடம் பேசுவோம். தறிச் சத்தத்துல பழகிப்போச்சு."

"நல்லாப் பேசுறே. மீதியை ஸ்டேஷன்ல வந்து பேசு. கிளம்பு!"

ஆஷிகாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். அதற்குள் விலங்கா?

அப்போது கதவு திறந்தது. ப்ராஜெக்ட் மேனேஜர் சூர்யபிரகாஷ் தலையை நீட்டினான்.

"ஆஷிகா... ரெண்டு மணிக்கு முன்னாடி கம்ப்யூட்டரை எல்லாம் ஆஃப் பண்ணிரு. காலைல மீட்டிங்ல சொன்னேன்ல?"

"யோவ்! மனுஷன் செத்துக் கிடக்கான். உனக்குக் கம்ப்யூட்டரா முக்கியம்?"

தலை மறைந்தது.

ஆஷிகா சட்டென்று நிமிர்ந்தாள்.

"மேடம்... மீட்டிங்! தினம் காலைல சூர்யபிரகாஷ் சார் எங்களை வட்டமா நிக்க வைப்பாரு. ஆளாளுக்கு மூணு விஷயம் சொல்லணும். நேத்து என்ன செஞ்சோம், இன்னைக்கு என்ன செய்யப்போறோம், வேலைக்கு என்ன இடைஞ்சல்."

"அதுக்கென்ன?"

"கோடவுன் பாக்குற அருண்பாண்டி அண்ணன் தினமும், 'யாசீன்தான் சார் இடைஞ்சல். மூட்டைக்கு மூட்டை ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றான்'னு சொல்லுவாரு."

"ஒட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"ஒட்டினா, ஸ்கேன் பண்ணாம ஒரு மூட்டைகூட கேட்டைத் தாண்டாது. நூலு திருட்டுத்தனமா திருமங்கலம் போகுதுன்னு யாசீன் அண்ணனுக்குச் சந்தேகம் மேடம்!"

அன்னக்கொடியின் புருவம் ஏறியது.

"இன்னைக்குக் காலைல அவன் என்ன சொன்னான்?"

"'இன்னைக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல சார்'னாரு!"

அன்னக்கொடியின் பேனா நின்றது.

"அப்ப பாடியே கிடைக்கலையே!"

"ஆமா மேடம்! யாசீன் அண்ணன் லேட்டா வருவாருன்னுதான் நாங்க நினைச்சோம்!"

அன்னக்கொடி பெருமூச்சு விட்டாள். "கோர்ட்டுல இதைச் சொன்னா சிரிப்பாங்க..."

நோட்டை மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு மணின்னா சொன்னான் அந்த ஆளு?"

தறிக்கூடம்.

போலீஸ் வந்ததால் தறிகளை ஓட்டாமலே ஆட்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். அருண்பாண்டி மட்டும் தறி மேல் சாய்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே..."

"என்ன தங்கச்சி? உன்னைய இன்னும் ஜீப்புல ஏத்தலையா?"

"யாசீன் அண்ணன் செத்தது காலைலயே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன உளறுறே?"

"தினமும் அவரு இடைஞ்சல்ம்பீங்க. இன்னைக்கு மட்டும் இடைஞ்சல் இல்லைன்னீங்களே!"

அருண்பாண்டியின் சிரிப்பு செத்தது. வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. கதவைச் சாத்தித் தாழிட்டான். சுவிட்சுகளை வரிசையாகத் தட்டினான்.

தட... தட... தடதடதடதட...!

கூடமே அதிர்ந்தது.

பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்துத் தறிச் சட்டத்தில் மோதினான். மூக்குடைந்து ரத்தம் கொட்டியது. நூல் கற்றையை உருவி அவள் கழுத்தில் சுற்றி இறுக்கினான். சத்தத்தை மீறித் தொண்டை கிழியக் கத்தினான்.

"கத்துடி! எம்புட்டு வேணாலும் கத்து! அவனும் இப்படித்தான் கத்தினான்! தறிச் சத்தத்துல ஒரு நாய்க்கும் கேக்கல!"

அவள் கத்தவில்லை. பிதுங்கிய கண்கள் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தன.

"மணியா பாக்குறே? உன் நேரம் முடிஞ்சுபோச்சு! உன் கத்தரிக்கோலை எடுத்தது நான்! யாசீன் கழுத்துல குத்தினதும்..."

டப்!

அத்தனை தறிகளும் ஒரே நொடியில் ஊமையாயின.

"...நான்தான்டி!"

அந்தக் கத்தல் தகரக் கூரையில் மோதித் தெருவரை போனது!

வெளியே காத்திருந்தவர்கள் மோதியதில் கதவு படீரென்று உடைந்தது. அன்னக்கொடி! அவள் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், சூர்யபிரகாஷ், வாயைப் பிளந்தபடி தறிக்காரர்கள்!

லத்தி சுழன்றது. அருண்பாண்டியின் மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. கழுத்து நூல் தளர்ந்தது.

"க... கரண்ட்டு..." என்று முனகினான்.

ஆஷிகா ரத்தத்தைத் துப்பினாள்.

"லைன் வேலை. ரெண்டு மணிக்குக் கரண்ட் கட். காலைல மீட்டிங்லயே சொன்னாங்கண்ணே... நீங்க செல்போனை நோண்டிக்கிட்டு இருந்தீங்க!"

விலங்கை மாட்டியபடி அன்னக்கொடி சிரித்தாள்.

"கவலைப்படாதே தம்பி! ஜெயில்லயும் தினம் காலைல வரிசையா நிக்க வைப்பாங்க. செல்போன் கிடையாது. அங்கயாவது காதைக் குடுத்துக் கேளு!"