நிலைக்காலில் ஒரு கோடு

அன்று சாயங்காலம் வாடகை வீட்டின் முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். இருந்த ஒரே நாற்காலியில் மச்சான். சாமான் கட்டி வைத்த அட்டைப்பெட்டியின் மேல் அவர் தங்கை, அதாவது அவன் மனைவி. நிலைக்காலில் முதுகை ஒட்டி நின்றிருந்தாள் மகள். எதிரே, பென்சிலும் அளவுகோலுமாக அவன். மாதாமாதம் மகளின் உயரத்துக்குக் கோடு போடுவது அந்த வீட்டு வழக்கம்.

அளவுகோலை அவள் தலையில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். போன மாதக் கோடு அதற்கு மேலே இருந்தது.

“குதிகாலை ஊன்றி நில்லும்மா” என்றான். ஊன்றித்தான் நின்றிருந்தாள்.

“கவுனெல்லாம் தொளதொளன்னு தொங்குது,” என்றாள் மனைவி. “புது வீட்டுக்குப் போனா சரியாயிடும்.”

“எப்பத்தான் போறீங்க மாப்ள? பெட்டியெல்லாம் குட்டி போட்டுடும் போலிருக்கே.”

கையெழுத்துதான் பாக்கி என்று முணுமுணுத்தான். கடன் கிடையாதென்று வங்கி கைவிரித்து எத்தனையோ நாளாயிற்று. சொல்ல வாய் வரவில்லை. வீட்டை விற்கிறவர் வெளியூர்க்காரர். எதையும் எழுத்தில் கேட்பவர். பணம் தயாராகிறது, வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்று அவருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாகப் போட்டுக்கொண்டிருந்தான். வீடு பார்க்கப் போன அன்றே, மச்சான் பார்க்கட்டுமென்று, அந்தப் புது வீட்டு நிலைக்காலிலும் மகளை நிறுத்திக் கோடு போட்டு, ‘இனி இது நம்ம வீடு’ என்று மார்தட்டியவன் அவன்.

அதையாவது அழித்துவிடலாமென்று, ஒரு வேலையிருப்பதாகச் சொல்லிக் கிளம்பி, தரகரிடம் சாவி வாங்கிப் போனான்.

கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வெக்கை முகத்தில் அடித்தது. பழஞ்சுண்ணாம்பு வாசனை, நனைந்த சாக்கு வாசனை, அவற்றுக்கு அடியில், விடிந்ததும் தலையணையில் ஒட்டியிருக்குமே, மகளின் தலை வாசனை. உள்ளறையில் வெறுங்காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து யாரோ நடக்கும் சத்தம், அவன் நின்றால் நின்றது, அவன் நடந்தால் நடந்தது. நிலைக்காலில் அவன் போட்ட கோடு இருந்தது. அதற்கு மேல் இன்னொன்று. அதற்கும் மேல் இன்னொன்று. பென்சில் இல்லை. நகத்தால் கீறியவை. பக்கத்திலேயே தேதிகள். எல்லாம் அவன் கடிதம் போட்ட தேதிகள்.

கடைசிக் கீறல் அவன் கண்ணுக்கு நேரே.

கதவுக்குப் பின்னால் மூச்சு.

“அப்பா,” என்றது மகளின் குரல். “இன்னொன்னு எழுதுங்கப்பா. இன்னும் கொஞ்சந்தான்.”

எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. முன்னறையில் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தாளை இழுத்து, ‘வீடு வேண்டாம்’ என்று எழுதினான். அவ்வளவுதான், அனுப்பினால் தீர்ந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. மச்சான் எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, பேரம் புட்டுக்கிச்சா?”

காது மடல் கொதித்தது. மனைவி நிமிர்ந்தாள். தாளை உள்ளங்கையால் மூடினான். கசக்கினான். “சே, பிழையா எழுதிட்டேன்.”

வேறு தாள். ‘பணம் தயாராகிறது.’ உறையில் போட்டு ஒட்டினான்.

தெருமுனைப் பெட்டியில் தபால் போடுவது எப்போதும் மகளின் வேலை. இன்று எம்பிப் பார்த்தாள். எட்டவில்லை.

“தூக்குங்கப்பா.”

தூக்கினான். காலி அட்டைப்பெட்டியின் கனம்கூட இல்லை. கடிதம் உள்ளே விழுந்தது. அவன் கைப்பிடிக்குள் கவுன் இன்னும் கொஞ்சம் தொளதொளத்தது.