தர்சினியின் காலமைக் கை

காலையில் வகுப்பறை கூட்டும் முறை வந்தால் தர்சினி தும்புத்தடியைத் தொடவே மாட்டாள். ஆனால் இடைவேளை மணி அடித்ததோ இல்லையோ, எல்லே என்ற பந்தடி விளையாட்டின் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நிற்பாள். அவள் அடிக்கிற அடியில் பந்து வேலி தாண்டிப் போகும். ஆறாம் வகுப்பில் அவளைப் போல அடிக்க ஆளில்லை.

பார்த்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வேலை என்றால் ஒளிக்கிற பஞ்சிக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வகுப்புத் தலைவி நிமலினிக்குத்தான் கோபம் அதிகம்.

"தும்புத்தடி பிடிக்க ஏலாத கைக்கு மட்டை மட்டும் பிடிக்க ஏலுமோ? வெள்ளிக்கிழமைப் போட்டியில உனக்கு இடமில்லை" என்றுவிட்டாள்.

தர்சினிக்கு நெஞ்சு கொதித்தது. அவளுக்கு மூட்டுவாதம். ஏழு வயதிலிருந்து மருந்து எடுக்கிறாள். காலையில் விரல்கள் விறைத்துப்போய்க் கிடக்கும். பல் தீட்டுவதே பெரும்பாடு. வெயில் ஏற ஏறத்தான் இளகும். பாழாய்ப்போன நோய் வெளியே தெரிந்தால்தானே! அது கிழவருக்கு வருகிற வருத்தமல்லவா என்று ஒருமுறை எல்லாரும் நம்பாமல் சிரித்ததிலிருந்து, அவள் அதைப்பற்றி வாயே திறப்பதில்லை.

மறுநாள் காலை அவள் நேரே நிமலினியிடம் போய்க் கையை நீட்டினாள்.

"பிடிச்சுப் பார். பொத்த ஏலுதோ எண்டு பார்."

நிமலினி பிடித்தாள். விரல்கள் பாதி மடங்கி நின்றுவிட்டன. மூட்டெல்லாம் சுட்டது.

இடைவேளையில் அதே கையை மறுபடியும் நீட்டினாள். இப்போது விரல்கள் இறுகப் பொத்திக்கொண்டன.

"ரெண்டும் என்ரை கைதான். ஏலுமெண்டாலும் ஏலாதெண்டாலும் நானே சொல்லுவன். பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு நான் கூட்டுறன்."

நிமலினியின் முகம் சுருங்கிப்போயிற்று. போட்டிப் பட்டியலில் தர்சினியின் பெயரை முதலாவதாக எழுதினாள்.

வெள்ளிக்கிழமை விடியவே மழை. மதியம் மழை விட்டும் தர்சினியின் மணிக்கட்டு இளகவில்லை. அடிக்க ஆசையோ ஆசை. ஏலாது என்றால் பழையபடி பஞ்சிக்காரி என்பார்களே என்ற பயம் வேறு. என்றாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

"இண்டைக்கு ஏலாது. என்ரை இடத்தில ஜெயகௌரி அடிக்கட்டும்" என்றாள்.

நேற்று வேலி தாண்ட அடித்தவளுக்கு இன்றைக்கு ஏலாதாம் என்று எதிர்வகுப்புப் பெடியன் ஒருவன் நக்கலடித்தான்.

நிமலினி திரும்பினாள்.

"ஓம், இண்டைக்கு ஏலாது. அவள் சொன்னா அது அப்பிடித்தான்."

அன்று அவர்கள் ஒரே ஒரு ஓட்டத்தால் தோற்றார்கள். தர்சினியோ, கிண்ணத்தை வென்று வருகிறவள் மாதிரித் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனாள்.