பின்வரிசையில் ஒரு கை

பள்ளிக்கு விடுமுறை. மகளை வீட்டில் தனியாக விட முடியாமல், அம்மா தன் வேலையிடத்துக்கே அழைத்து வந்திருந்தார். அம்மாவுக்குத் தீர்ப்பாயத்தில் தட்டச்சு வேலை. மகள் ஓயாமல் பேசுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் குருவி.

"இன்னைக்கு என்ன வழக்கும்மா?"

"அதோ, அந்தச் சாவிக்காரர் தெருவோரத்துல பூட்டு ரிப்பேர் பண்றவர். அவர் கடையை நகராட்சி தூக்கிட்டுப் போயிடுச்சு."

"நகராட்சி எவ்வளவு பெருசு, அவர் ஒரே ஆளு. எப்படிம்மா ஜெயிப்பாரு?"

"இங்க பெருசு சிறுசு கிடையாது. அரசியலமைப்புச் சட்டம் ரெண்டு பேருக்கும் மேல இருக்கு. ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். நீ சத்தம் போடாம உட்காரு."

குருவி பின்வரிசையில் சாவிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"தாத்தா, தண்ணி வேணுமா?"

"பஸ்லதான் வந்தேன் பாப்பா," என்றார் அவர்.

குருவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

வழக்கை அழைத்தார்கள். உதவியாளர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அவர் எழுந்து போனார்.

"கடையை எடுக்கச் சொல்லி முன்னாடியே நோட்டீஸ் கொடுத்தோம். வாங்கினீங்கதானே?" என்றார் நகராட்சி வக்கீல்.

"ஆமாங்க."

"கடை நடைபாதையை மறிச்சுது, இல்லையா?"

"ஆமாங்க."

குருவிக்குச் சுருக்கென்றது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறாரே! இப்படியே போனால் கடை போய்விடும். அம்மாவோ தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

வகுப்பில் செய்வதுபோல் குருவி கையைத் தூக்கினாள்.

"யாரும்மா அது? என்ன வேணும்?" என்றார் நீதிபதி.

அம்மாவின் முகம் வெளுத்தது.

"அவருக்குக் காது கேட்கலைங்க. சும்மா தலையாட்டுறாரு," என்றாள் குருவி.

நீதிபதி சாவிக்காரரைக் கையசைத்துத் தன் மேசை அருகே அழைத்தார். அதே கேள்விகளை உரக்க, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"நோட்டீஸா? ஒண்ணும் வரலைங்க. சுவரை ஒட்டித்தான் கடை போடுவேன், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சத்தமா பேசச் சொல்ல வெட்கமா இருந்துச்சுங்க."

"நோட்டீஸ் கொடுத்ததுக்கு அத்தாட்சி எங்கே?" என்றார் நீதிபதி.

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"அவர் பக்கத்தைக் கேட்காம கடையை எடுத்தது செல்லாது. இன்னைக்கே திருப்பிக் கொடுங்க."

சாவிக்காரர் விழித்தார். குருவி ஓடிப்போய் அவர் காதில் உரக்கச் சொன்னாள். அவர் தோள்துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளையில் நீதிபதி குருவியின் அருகே நின்றார்.

"வேற ஏதாவது கேட்கணுமா?"

"நீங்க தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டா?"

"மேல ஒரு நீதிமன்றம் இருக்கு. அங்க போகலாம்."

"அவங்களும் தப்புப் பண்ணினா?"

"அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு."

"அதுக்கு மேல?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"இவளுக்கு நாளைக்கும் லீவா?"