முப்பத்தாறு டிகிரி

பனி உருகி ஓடும் ஆறு அது. மே மாதத்திலும் கை வைத்தால் எலும்பு வரை குத்தும். அதன் வெப்பநிலை முப்பத்தாறு டிகிரி செல்சியஸ் என்று மார்லிஸின் கணினித் திரையில் வந்திருந்தது.

"உன் புருஷன் ஆத்துக்கே வெந்நி போட்டுட்டானா?" என்று சிரித்தான் மீட்புப் படகோட்டி கார்வின்.

மார்லிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மலைமேல் இருக்கும் வெள்ள அளவை நிலையத்தைப் பழுதுபார்க்கக் காலையில் போன எமெட், ஆறு பெருகியும் திரும்பவில்லை. மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் கைப்பேசி எடுக்காது. அதற்காகக் கணவன் மனைவிக்குள் ஒரு பழக்கம் இருந்தது. நிலையத்திலிருந்து ஆற்றுக்குள் கம்பியில் தொங்கும் வெப்பமானியை அவன் உள்ளங்கையில் பொத்திக்கொள்வான். நிலையம் மணிக்கொருமுறை செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் செய்தியை அவள் கணினியிலுள்ள பைத்தான் நிரல் தொகுப்பு இழுத்துத் தரும். உடற்சூடு வந்தால், 'நான் நல்லா இருக்கேன்' என்று பொருள். அந்தத் தொகுப்புக்கு வாங்கத்தான் தெரியும், பதில் அனுப்பத் தெரியாது.

"எங்கயோ தொத்திக்கிட்டு இருக்கார். சீக்கிரம் போ, கார்வின்!"

அவன் படகோடு கிளம்பினான். மழை தகரத்தில் அறைந்துகொண்டே இருக்க, காய்ந்த காபியின் கருகல் வாசம் அறையெங்கும் தேங்க, பட்டப்பகலிலேயே மேகம் இருட்டிக்கொண்டு வர, அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடியும் முப்பத்தாறு. கொஞ்சமும் குறையவில்லை. பனித்தண்ணீரில் எந்த உடம்பு இத்தனை நேரம் சூடு தாங்கும்? அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ரேடியோ கரகரத்தது.

"வந்துட்டேன். ஆளைக் காணோம். ஆனா வெப்பமானிக் கம்பி தண்ணிக்குள்ள விறைப்பா நிக்குது, மார்லிஸ். நான் இழுத்தா, கீழேருந்து திருப்பி இழுக்கறாங்க!"

"அவர்தான்! விட்டுடாதே. கையைக் கொடு!"

தொலைபேசி அடித்தது. ஷெரீப் அலுவலகம்.

"எமெட் கிடைச்சுட்டார்மா. கீழ்ப் பாலத்துத் தூண்ல. மனசைத் தேத்திக்கோங்க. உடம்பு கல்லா விறைச்சிருக்கு. காலையிலேயே உயிர் போயிருக்கணும்."

அவள் ரேடியோவைப் பாய்ந்து எடுத்தாள்.

"கார்வின், கம்பியை விடு!"

தண்ணீர்ச் சத்தம்.

"கார்வின்!"

தண்ணீர் மட்டும்.

நான்தானே கையைக் கொடுக்கச் சொன்னேன். நான்தானே.

திரையில் அடுத்த செய்தி வந்து விழுந்தது.

முப்பத்தாறு டிகிரி.

நான் நல்லா இருக்கேன்.